அடுத்த தெருப் பேய்

என் தங்கை பேய்ப்படம் எடுத்திருக்கிறாள் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாத்ரூம் லைட் எரியாவிட்டால் துணைக்கு என்னைக் கூப்பிட்டவள் அவள். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவள் வானம் ஏறி வைகுண்டம் போகிறாளாக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உனக்கு ஏன்டி வயிறு எரியுது?" என்றாள்.

எரியத்தான் செய்தது. வீட்டில் எழுதுகிறவள் நான். என் பேய்க்கதை ஒன்று பத்திரிகையில் வந்தபோது அப்பா படித்துவிட்டு, "எழுத்து பொடிசா இருக்கு" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

படத்தை, அப்பா மைன்ஸில் வேலை பார்த்த டவுன்ஷிப்பில் ஒரு ஹாலில் போட்டார்கள். அப்பா நடுவில். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தங்கை. படம் ஆரம்பித்ததுமே கதை எனக்குப் புரிந்துவிட்டது. செத்துப்போன மைன்ஸ் தொழிலாளி ஒருவர் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்புகிறார். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. பேய் தினமும் வீடு மாறிப் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் கேட்கிறது. அந்த வீட்டம்மாள் முதல் நாள் மயங்கி விழுகிறாள். போகப்போக, தோசையைத் திருப்பிக்கொண்டே, "இது உங்க வீடு இல்லைங்க, அடுத்த தெரு" என்கிறாள்.

வீடு மாறிப் போனது நிஜத்தில் அப்பா செய்த வேலை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, தூக்கக் கலக்கத்தில், உடம்பெல்லாம் கரித்தூசியோடு அடுத்த தெரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து "தண்ணி குடு" என்றார். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த அந்த அக்கா போட்ட கூச்சலில் பிளாக்கே திரண்டது. அதற்கப்புறம் வீட்டில் யார் அந்தப் பேச்சை எடுத்தாலும் அப்பா சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவார். அதனால்தான் நான் அதை எழுதவே இல்லை. இவள் எடுத்துவிட்டாள்.

அப்பா இப்போது எழுந்து போவார் என்று காத்திருந்தேன். போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவரோ தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கதைக்கு மட்டும் எழுத்து பொடிசாம்.

கடைசியில் பேய் சரியான தெருவுக்கு வந்து, சரியான கதவைத் தட்டுகிறது. முன்பின் தெரியாத ஒரு பெண் கதவைத் திறந்து, "அவங்க எப்பவோ காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே" என்கிறாள். பேய்க்கு எங்கே போவதென்று தெரியவில்லை. வாசலிலேயே நிற்கிறது. எனக்கே முதுகு சில்லிட்டது. ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் வீடு கட்டிக்கொண்ட பிறகும், டவுன்ஷிப்புக்கு வந்தால் அப்பா பழைய தெரு வழியாகத்தான் திரும்புவார்.

இருட்டில் அப்பாவின் கை என் கையைப் பிடித்தது. அப்படி அவர் எப்போதாவது பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

"பயமுறுத்திட்டியே சின்னவளே," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எம்மனசுல கெடந்தத அப்படியே எடுத்துட்ட."

பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கை என்னிடம் இருந்திருக்கும். என் வாய் எப்போது சும்மா இருந்தது?

"இது இல்லைங்க," என்றேன். "அடுத்த சீட்டு."

அப்பா பக்கென்று சிரித்துவிட்டார். என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.