சீலனுடையது அல்ல அந்தப் போத்தல்

அந்தப் போத்தல் என்னுடையது.

தோட்டத்து ஷெட்டில், பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால், பழைய துவாயில் சுற்றி வைக்கப்பட்டிருந்த வொட்கா போத்தல். வாங்கியவள் நான். ஒளித்தவள் நான். பாதியைக் குடித்தவளும் நான்தான். ஆனால் அதற்காக வீட்டை விட்டுப் போனவன் என் கணவரின் தம்பி சீலன். அவன் போகும்போது நான் வாய்மூடி நின்றேன்... இல்லை, அதுகூடப் பொய். நான் வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் என்னைக் கண்டிருக்கக்கூடும். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருக்கிறேன், பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பாளராக வேலை. கலியாண மண்டபங்களில் என்னைப் பார்த்து, "வசந்தியா இது! பாதியாப் போயிட்டீர்!" என்று வியந்திருப்பீர்கள். நடைப்பயிற்சி என்று சொன்னேன். சோற்றை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதுவும் பொய்தான். ஆஸ்பத்திரியில் என் இரைப்பையை ஒரு முட்டையளவுக்குச் சுருக்கி, குடலை அதில் திருப்பிப் பொருத்தினார்கள். வீட்டிலுள்ளவர்களைத் தவிர வேறு எவருக்கும் இது தெரியாது.

அந்தச் சத்திரசிகிச்சையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நீரிழிவு மாத்திரைகள் குறைந்தன. முழங்கால் வலி போயிற்று. மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறினேன். எச்சரிக்கவும் தவறவில்லை அவர்கள். இதற்குப் பிறகு மது முன்புபோல இருக்காது, சட்டென்று இரத்தத்தில் ஏறும், சாப்பாட்டில் ஆறுதல் தேடிய சிலர் அதே ஆறுதலைக் குடியில் தேடத் தொடங்குவார்கள் என்று தாதி எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். நான் சிரித்தேன்! என் கணவர் குகனும் சிரித்தார். "கிறிஸ்மஸ் கேக்கில் றம் இருந்தால்கூட இவள் தொடமாட்டாள்" என்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

அது உண்மை. அன்றைக்கு அது முழு உண்மை.

சாப்பாடு எனக்கு என்னவாக இருந்தது என்று எப்படி விளக்குவேன்? எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சட்டியோடு நின்றபடி சாப்பிடுவேன். அந்தச் சில நிமிடங்களுக்கு எவரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். நான் தாயுமில்லை, மனைவியுமில்லை. வெறும் வாயும் வயிறும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த நேரம் இல்லாமற்போயிற்று. நான்கு வாய் சோறு. ஐந்தாவது வாய்க்கு நெஞ்சு அடைக்கும், ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். உடம்பு இளைத்தது. உள்ளே இருந்தது மட்டும் இளைக்கவில்லை... அது பசியோடு அலைந்தது.

வேலைத்தலத்தில் ஒருத்தி விலகிப் போனபோது மதிய விருந்து வைத்தார்கள். எல்லோர் முன்னாலும் வெள்ளை வைன். மறுத்தால் காரணம் கேட்பார்கள் என்று இரண்டு மிடறு குடித்தேன். கன்னம் சூடேறியது. தோள்கள் தாமாகவே இறங்கின. பூட்டிய சமையலறைக்குள் நின்ற அந்த நிம்மதி... அதேதான்! கண் கலங்கிவிட்டது எனக்கு. பக்கத்திலிருந்தவர்கள் பிரிவுத் துயரம் என்று நினைத்து என் கையைப் பிடித்தார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாக் குடிகாரருக்கும் நடப்பதுதான். ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. சத்திரசிகிச்சை செய்தவர்கள் நாள் முழுவதும் சிறுகச் சிறுகத் தண்ணீர் குடிக்க வேண்டும். கையில் தண்ணீர்ப் போத்தலோடு நான் திரிவதை வீடே பழகியிருந்தது. "அம்மா, வாட்டர் குடிச்சனீங்களோ?" என்று மகள் அபி ஞாபகப்படுத்துவாள். "ஓம் பிள்ளை" என்று அவள் கண் முன்னாலேயே உறிஞ்சுவேன்.

எங்கள் தெருக் கடையில் வாங்க முடியாது. அங்கே நிற்பவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். ட்ராம் ஏறி குரொய்டனுக்குப் போவேன். பெரிய கடையில் நாமே ஸ்கேன் செய்யும் மெஷினுக்குப் போவேன். மதுப் போத்தல் என்றதும் சிவப்பு விளக்கு எரியும். கடைக்காரப் பெண் வந்து என் முகத்தைப் பார்த்து, வயது சரி என்று அழுத்திவிட்டுப் போவாள். அந்த ஒரு கணம் முழுவதும் கடவுளே, கடவுளே என்று நிற்பேன். கடவுளை எதற்கு அழைத்தேன்? காப்பாற்றவா, மறைக்கவா?

சீலனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவன். அதனால் மனைவி பிரிந்தாள், வேலை போனது. குகன்தான் அவனைக் கூட்டிவந்து எங்கள் பின்னறையில் வைத்தார். "ஒரு சொட்டு இந்த வீட்டுக்குள்ளை வந்தாலும் நீ வெளியிலை" என்பதுதான் ஒரே நிபந்தனை. சீலன் விட்டான். குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்றுக்குக் கிழமை தவறாமல் போனான். குடோன் ஒன்றில் வேலை பிடித்தான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எனக்குப் பருப்பை அவித்து, அரித்து, ஆற வைத்து, தேக்கரண்டியோடு கொண்டுவந்து தந்தவன் அவன்தான். குகனுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தவனும் அவனே. ஒரு பின்னேரம் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு எவரும் இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்.

"அண்ணி, நான் ஒண்டும் கேக்கேல்லை. உங்கடை தண்ணிப் போத்தல் எனக்கு மணக்குது. அவ்வளவுதான்."

"என்ன கதை இது? உனக்கு எல்லாம் அப்பிடித்தான் மணக்கும்!"

அவன் கோபப்படவில்லை. "ஓம், எனக்கு மணக்கும்தான். அதாலைதான் சொல்லுறன். ஒருக்கா என்னோடை அந்தக் கூட்டத்துக்கு வாங்கோ. பொம்பிளையளும் வருகினம். ஆரும் உங்களை ஒண்டும் கேக்காயினம்."

உலகத்திலேயே அந்த ஒருவன்தான் எனக்குக் கை நீட்டினான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நன்றி இல்லை. அழுகை இல்லை. இவன் இந்த வீட்டில் இருக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை என்று நினைத்தேன்.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவனை மாட்டிவிடுவதற்காக நான் அதை ஷெட்டில் வைக்கவில்லை. சமையலறையில் ஒளிக்கப் பயந்து வைத்தேன். அவனுடைய வேலைச் சப்பாத்துகளும் சாமான்களும் அங்கேதான் இருக்கின்றன என்பது அப்போது என் நினைவில் இல்லை... இல்லையா? எத்தனையோ தரம் என்னை நானே கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் வேறு வேறு பதில் வருகிறது.

ஒரு சனிக்கிழமை காலை, மின்வயர் தேடி ஷெட்டுக்குப் போன குகன், போத்தலோடு திரும்பி வந்தார். சாப்பாட்டு மேசையில் அதை வைத்தார். சீலன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

சீலன் போத்தலைப் பார்த்தான். "என்ரை இல்லை அண்ணை."

"அப்ப ஆற்றை? இந்த வீட்டிலை வேறை ஆர் குடிக்கிறது? நானோ? அபியோ? உன்ரை அண்ணியோ?"

என்னைச் சொன்னபோது குகனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கசப்பான சிரிப்பு. அவ்வளவு நம்ப முடியாத விஷயம் அவருக்கு அது!

சீலன் என்னைப் பார்த்தான். குற்றம் சாட்டவில்லை, காட்டிக் கொடுக்கவுமில்லை. காத்திருந்தான். ஒரே ஒரு சொல் போதும், "என்ரை" என்ற ஒரு சொல். நாக்கின் நுனியில் அது நின்றது. அபி படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இனி அவள் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்லவேமாட்டாள் என்று நினைத்தேன்...

அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"பிள்ளை இருக்கிற வீடு, சீலன்."

அதுதான் நான் சொன்னது. குகன் சொல்லத் தயங்கியதை நான் சொல்லி முடித்தேன். அண்ணன் கொஞ்சம் அசைந்திருப்பார், இன்னொரு தவணை கொடுத்திருப்பார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு அவராலும் முடியவில்லை.

சீலன் எழுந்து கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பின்னறைக்குப் போய்ப் பையோடு வந்தான். "சித்தப்பா, எங்க போறீங்கள்?" என்று அபி அழுதாள். அவளுடைய தலையைத் தடவிவிட்டு, "ஃபோன் எடுக்கிறன்" என்றான். என்னைத் தாண்டிப் போகையில் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று பின்னேரமே நான் குரொய்டனுக்குப் போனேன். ஆம், அன்றே! இதை வாசித்துவிட்டு நீங்கள் என்னை வெறுத்தால் நான் தடுக்கமாட்டேன். நிறுத்த முயலவில்லையா என்று கேட்பீர்கள். சிங்கில் ஊற்றிவிட்டு அழுதிருக்கிறேன். கோயிலில் கற்பூரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். சத்தியம் கோயில் கார்ப் பார்க் வரைக்கும்கூட வரவில்லை.

சில மாதங்கள் கழித்து அவனைத் தேடிப் போனேன். ஈஸ்ட் ஹாமில், புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறை. மன்னிப்புக் கேட்க வேண்டும், குகனிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தைரியத்துக்காக ரயிலில் வரும் வழியெல்லாம் உறிஞ்சிக்கொண்டே வந்தேன். எவ்வளவு கேவலம், பாருங்கள்!

கதவைத் திறந்தவனைக் கண்டதும் புரிந்தது. கண் வீங்கியிருந்தது. சவரம் செய்திருக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவனிடமிருந்து வந்த மணமும், என்னிடமிருந்து போன மணமும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

"நீங்களும் விடேல்லையோ அண்ணி?" என்றான்.

"ஏலாமல் கிடக்குது சீலன்..."

"தெரியும்." இருந்த ஒரே கதிரையை எனக்கு விட்டுவிட்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தான். நான் அழுதேன். எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்றேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நான் குடிச்சதுக்கு நான்தான் காரணம். அதை உங்கடை தலையிலை போடமாட்டன். ஆனா அண்டைக்கு அது என்ரை இல்லை. அதை மட்டும் அண்ணையிட்டைச் சொல்லுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

"சொல்லுறன். இண்டைக்கே சொல்லுறன்."

நான் சொல்லவில்லை.

அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அதற்குள் யாரோ ஒருவர் மூலம் குகனுக்குச் செய்தி வந்துவிட்டது. "குடிச்சுப்போட்டு ரோட்டிலை நிண்டவனாம். நான் நினைச்சது சரிதான்..." என்றார். தலையைக் குனிந்துகொண்டு அவர் அதைச் சொன்ன விதத்தில் வெற்றி எதுவும் இல்லை. ஆனாலும் என் பொய்க்கு அன்று ஆதாரம் கிடைத்துவிட்டது! இனி நான் உண்மையைச் சொன்னாலும் அதற்கு என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் எனக்கு ஒரு காரணம் அகப்பட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் வருடாந்தப் பரிசோதனைக்குப் போனேன். எடையைப் பார்த்து வைத்தியர் பாராட்டினார். மது அருந்துவதுண்டா என்று கேட்டார். எப்போதாவது விசேஷங்களில் என்றேன். கணினியில் ஏதோ தட்டினார். என்னோடு வந்திருந்த குகன் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வரவேற்பறையில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சீலனுடைய பெயர் திரையில் இருந்தது. நான் உள்ளே வந்ததும் நிமிர்ந்தார். அழுதிருந்தார்.

"இஞ்சேர் வசந்தி, அவன் என்ரை தம்பியெல்லோ. ஒருக்கா எடுத்துக் கதைப்பமோ? நீ சொல்லு. நீ ஓம் எண்டால் இப்பவே எடுக்கிறன்."

அவர்கள் இருவரும் பேசினால் என்னவெல்லாம் வெளியில் வரும்! என் கை ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று இன்னும் குடித்திருக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், உலகத்தில் அவர் நம்புகிற ஒரே ஆளைப் பார்ப்பதுபோல.

"இப்ப வேண்டாமப்பா" என்றேன். "அவன் முதல்லை குடியை விடட்டும்."

அவர் தலையாட்டிவிட்டு, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.