இஸ்ஸெட் உஸ்தாவின் சாய்ந்த மினார்

சவரக்கத்தியைத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்ததும் இஸ்ஸெட் உஸ்தா இடது கண்ணை மூடிக்கொள்வார். கத்தி பிடித்த கையை முழுசாக நீட்டி, கடைவாசலின் மரச்சட்டத்தையும் அதற்கப்பால் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் மினாரையும் வலது கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பார். நாற்காலியில் இருப்பவர் முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்கும்.

"நேத்தைக்கு இன்னைக்கு ஒரு நூல் கூட" என்பார் கண்ணைத் திறந்து. "இடப்பக்கம். நல்லாப் பாரு."

பார்க்க முடியாது. தலையைத் திருப்பினால் கழுத்தில் கத்தி இருக்கும். "ஆமாம் உஸ்தா" என்று உதட்டை அசைக்காமல் சொல்லிவிடுவதுதான் உயிருக்கு நல்லது. எங்கள் தெருவில் மினார் சாய்கிறது என்று நம்புகிறவர்களில் பாதிப்பேர் அந்த நாற்காலியில் வைத்து நம்பவைக்கப்பட்டவர்கள். நானும் அதில் ஒருவன். புது ஊரில் எது விழும், எது நிற்கும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் நம்புகிற சுபாவம் எனக்கு.

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், கப்பல்துறையிலிருந்து மூச்சு வாங்க ஏறினால் குல்நிஹால் சுல்தான் பள்ளிவாசல். ஒரு பெருங்கும்மட்டம், அதைத் தாங்கிப் படிப்படியாக இறங்கும் அரைக்கும்மட்டங்கள், நான்கு மூலைக்கு நான்கு மினார்கள். அதன் வெளிமதிலுக்கு எதிரே, தெருவின் சரிவில், கீழே சலூனும் மேலே குடியிருப்புமாக உஸ்தாவின் மூன்று மாடி வீடு. அவருடைய அப்பா கட்டியது. உஸ்தா பிறந்தது மேல்மாடியில், தொழில் கற்றது கீழே. போகப்போவதும் இந்தக் கதவு வழியாகத்தான், தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது அவருடைய திட்டம். அந்தத் திட்டத்தைக் கெடுக்க நிற்கும் ஒரே எதிரி அந்த மினார்.

"விழுந்தா கடை போச்சு, வீடு போச்சு. அப்புறம் நான் எங்க போவேன்? பொண்டாட்டி தங்கச்சி வீட்டுக்கா? அதுக்கு மினார் அடியிலயே கெடக்கலாம்."

இடப்பக்கம் சாய்வது எப்படி எதிரே இருக்கிற உங்கள் கடைமேல் விழும் என்று யாராவது கேட்டால், "என் ராசி உனக்குத் தெரியாது, விழறப்போ திரும்பி விழும்" என்பார்.

ஆள் குள்ளம். வயிறு அவருக்கு ஒரு கணம் முன்பாகவே எங்கும் போய்ச் சேரும். மீசைக்குச் சாயம், புருவத்துக்குச் சாயமில்லை. அதனால் முகத்தில் இரண்டு வேறு வயதுகள். தன் தலையை மட்டும் தன் கடையில் வெட்டிக்கொள்ளமாட்டார். கறிக்கடைத் தெருவிலுள்ள போட்டிக்காரரிடம் போவார். "என்னை நானே வெட்டிக்கிட்டா யார்கிட்ட குறை சொல்றது?" என்பது அவர் நியாயம்.

பள்ளிவாசல் கட்டிய கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். நேரில் நின்று கொத்தனாருக்குச் சம்பளம் பிரித்துக் கொடுத்தவர் மாதிரி சொல்வார். அஸ்திவாரம் தோண்டிய தலைமைக் கட்டிடக்காரர் அதை அப்படியே போட்டுவிட்டுக் காணாமல் போனது. மண் இறுகட்டும் என்று மலைக்குப் போய் ஒளிந்துகொண்டது. பள்ளிவாசலைக் கட்டச் சொன்ன சுல்தானா தலையை வாங்குவேன் என்று ஆள் விட்டது. கல்லோடு கல் நகராமல் இரும்புக் கொக்கி போட்டு, உருக்கிய ஈயத்தை ஊற்றி அடைத்தது. கும்மட்டத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களுக்கு இங்கே யானைக்கால் என்று பெயர். அந்த யானைக்கால்களின் பக்கம் வந்ததும் உஸ்தாவின் கை நின்றுவிடும், குரல் தழுதழுக்கும்.

பிறகு மெதுவாக நம்முடைய மினாருக்கு வருவார்.

"சாந்துல முட்டை வெள்ளைக்கரு சேக்கணும். செங்கல் பொடி, சுண்ணாம்பு, முட்டை. மூணு மினாருக்கும் சேத்தான். நாலாவது நம்மளுது. அதுக்கு வர்றதுக்குள்ள கஜானா காலி. முட்டைக்காரன் முட்டை தரமாட்டேன்னுட்டான். முட்டை போடாமயே கட்டிட்டான், கழுத."

"உஸ்தா, இது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார் ஒருநாள் தேநீர்க்காரர் ஷாபான், தட்டோடு வாசலில் நின்றபடி.

"மினார்லதான். எழுதத் தெரிஞ்சவன் எழுதுவான், சாயத் தெரிஞ்சது சாயும். நீ தேத்தண்ணிய வெச்சிட்டுப் போ."

இதனால் பெரிய தொந்தரவு இமாம் வெஹ்பி ஹோஜாவுக்குத்தான். வெள்ளிக்கிழமை கூட்டம் உள்ளே கொள்ளாமல் முற்றத்துக்கு வழியும்போது, மினார் பக்கத்து மூலை மட்டும் காலியாகக் கிடக்கும். அங்கே தொழுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், அல்லது கறிக்கடைத் தெருவில் முடி வெட்டிக்கொள்கிறவர்கள். "இஸ்ஸெட், என் ஜமாஅத்தையே ஒரு பக்கமா சாச்சிட்டியே" என்று ஹோஜா அலுத்துக்கொள்வார். ஆனாலும் தாடி திருத்த வேறு கடைக்குப் போனதில்லை. வசவைக் கேட்டுக்கொண்டே முகவாயை நீட்டிக்கொடுப்பார்.

முற்றத்தில் வரிசை கட்டி நிற்கிறவர்களை முன்னாலிருந்து பார்த்தால் உஸ்தாவின் வாடிக்கையாளர்களை அடையாளம் கண்டுவிடலாம். எல்லோருக்கும் வலது கிருதா இடதைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஹோஜாவுக்கும்தான். அது உஸ்தாவின் கைப்பாணி என்று நினைத்தோம். அவருடைய கண்ணாடியில் பார்க்கும்போது சரியாகத்தான் இருக்கும். ஆகவே வெளியில் இருக்கிற கண்ணாடிகள் கோணல் என்று ஷாபான் ஒரு கருத்து வைத்திருந்தார்.

மேல்மாடியில் வேறொரு கட்சி. உஸ்தாவின் மனைவி முஸெய்யென் கத்தரிக்காய் பொரிக்கும்போதெல்லாம் சட்டியில் எண்ணெய் அடுத்த கட்டிடத்து மருந்துக்கடைப் பக்கமே போய்த் தேங்கும். ஒரு பாதி கருகும், மறுபாதி வேகாது.

"இஸ்ஸெட்! அடுப்பைப் பாரு!" என்று ஜன்னலிலிருந்து கத்துவார்.

"அடுப்பு நல்ல அடுப்பு. சட்டியத் திருப்பி வை!"

"திருப்பி வெச்சேன்! எண்ணெய் திரும்பி வருது!"

"அப்ப எண்ணெய் கெட்டது!"

அடுப்பு மாறியது, சட்டி மாறியது, எண்ணெய் வாங்கும் கடையும் மாறியது. கத்தரிக்காய் மட்டும் மாறவில்லை.

போன இலையுதிர் காலத்தில் கும்மட்டங்களின் ஈயத்தகடுகளை மாற்றும் வேலை தொடங்கியது. சாரம் ஏறியது, அதோடு ஸெவ்தா என்ற பொறியாளர் பெண்ணும் வந்தார். உஸ்தா முதல் நாளே அவரைத் தெருவில் மறித்தார். எத்தனையோ வருடங்களாக மனு மேல் மனுவாகப் போட்டவர். ஒரு அதிகாரி கையெட்டும் தூரத்தில் வந்தது இதுதான் முதல் தடவை.

"மகளே, ஈயத்த அப்புறம் பாரு. முதல்ல இந்த மினார நிமித்து."

அவர் சிரிக்கவில்லை, அதுவே உஸ்தாவுக்குப் பிடித்துப்போயிற்று. முக்காலி வைத்து ஒரு கருவியை நிறுத்தி, அரைநாள் நாலா பக்கமும் நின்று அளந்துவிட்டுச் சொன்னார்: "மினார் நேரா இருக்கு மாமா. இவ்வளவு உயரத்துக்கு இதைவிட நேரா கட்ட இன்னைக்கு நம்மளாலயும் முடியாது."

"மிஷின் சொல்லும். மிஷின் யாரோடது? அவங்களோடது." உஸ்தா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். "குண்டு இருக்கா, குண்டு? நூல்ல கட்டித் தொங்கவிடுற தூக்குக்குண்டு. அதுக்கு யாரையும் தெரியாது. அதக் கொண்டா. என் வாசல்ல கட்டு. நான் தினம் எங்க நின்னு பாக்குறேனோ அங்க நின்னு நீயும் பாரு. தெருவே பாக்கட்டும்."

தெருவே பார்த்தது. மருந்துக்கடைக்காரர் கல்லாவைப் பூட்டாமல் வந்தார். வெஹ்பி ஹோஜா வந்தார். ஸெவ்தா உஸ்தாவின் முக்காலியில் ஏறி, வாசற்சட்டத்தின் இடது மேல்மூலையில் நூலைக் கட்டிக் குண்டை இறக்கினார். குண்டு கொஞ்சநேரம் ஆடியது. உஸ்தா கடைக்குள் தன் வழக்கமான இடத்தில் நின்று, இடது கண்ணை மூடித் தயாராக இருந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் கழுத்தை நீட்டி நின்றோம்.

குண்டு நின்றது.

நூலும் மினாரும் தண்டவாளம் போல இணையாக இருந்தன. ஒரு மயிரிழை பிசகில்லை. கோணலாக இருந்தது வாசற்சட்டம். மேலே சட்டத்தை ஒட்டியிருந்த நூல், கீழே வரும்போது மூன்று விரல் விலகி நின்றது.

ஷாபான் தட்டைக் கீழே வைத்தார். ஹோஜாவின் கை தானாக எழுந்து வலது கிருதாவைத் தடவிப் பார்த்தது. பிறகு இடது கிருதாவை. அதைப் பார்த்து மருந்துக்கடைக்காரரும் தடவினார். நானும் தடவிக்கொண்டேன்.

மேலே ஜன்னல் திறந்தது. "எண்ணெய் சொல்லிச்சே!" என்றார் முஸெய்யென் தெருவுக்கே கேட்க. "இத்தன வருஷமா எண்ணெய் சொல்லிச்சே, இஸ்ஸெட்!"

ஸெவ்தா முக்காலியிலிருந்து இறங்கி மெல்லிய குரலில் விளக்கினார். பள்ளிவாசலைப் பாறைமேல் நிறுத்தியிருக்கிறார்கள். கல் செதுக்கியபோது உடைந்த சில்லையெல்லாம் மதிலுக்கு வெளியே இந்தச் சரிவில் கொட்டியிருக்கிறார்கள். தெருவின் இந்தப் பக்கம் முழுக்க அந்தக் குவியல். உஸ்தாவின் அப்பா வீடு கட்டியது அதன்மேல். "வீடு மருந்துக்கடைப் பக்கமா இறங்கிக்கிட்டிருக்கு மாமா. நகராட்சிக்குச் சொல்லியாகணும். அதுவரைக்கும் இதுல இருக்காதீங்க. சின்னதா ஒரு ஆட்டம் வந்தாலும்..." என்று நிறுத்தினார்.

"அப்ப நான் குடியிருக்கிறது அந்த மினார்க்காரன் குப்பைமேடா?" என்றார் உஸ்தா. எனக்குத் தெரிந்து அவர் பேசாமல் ஒருவருக்குச் சவரம் செய்தது அன்றுதான்.

மறுநாள் பேச்சு திரும்பிவிட்டது. வீடு சாயவில்லை, தெரு சாய்கிறது, வீடு மரியாதைக்காகக் கூடவே போகிறது என்றார். முஸெய்யென் மரியாதைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, படகேறி, எதிர்க்கரையிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே முதல் நாளே கத்தரிக்காய் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் பொரிந்ததாகத் தொலைபேசியில் சொன்னார். உஸ்தா அதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"வா உஸ்தா, என் கொட்டகைல ஒரு நாற்காலி போட்டுக்க" என்று ஷாபான் கூப்பிட்டுப் பார்த்தார்.

"இது எங்கப்பா கட்டினது."

"உங்கப்பா கோணலாக் கட்டினா நீ என்ன பண்ணுவ?"

"எங்கப்பா நேராத்தான் கட்டினாரு. கீழ கெடக்கிற குப்ப அவனோடது. தப்பு அந்த மினார்க்காரன் தப்புதான்!" கண்ணை மூடி மினாரை அளப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார். வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்.

நகராட்சி ஆட்கள் வந்து, பார்த்து, சுவரில் சிவப்பாக ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள். குறியின்மேல் உஸ்தா துண்டு காயப்போட்டார்.

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல். நாற்காலியில் ஹோஜா. கன்னத்தில் ஒரு பக்கம் மழித்தாகிவிட்டது, மறுபக்கம் நுரை. பெஞ்சில் நான் என் முறைக்குக் காத்திருந்தேன். முதலில் வாசலில் நின்ற ஷாபானின் தட்டில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. பிறகு அலமாரியில் புட்டிகள். பிறகு கீழேயிருந்து யாரோ வீட்டைத் தோளால் இடித்த மாதிரி ஒரு குத்து.

"வெளிய!" என்று கத்தினார் ஹோஜா. ஜமாஅத்துக்கு இவ்வளவு பெரிய குரலில் அவர் ஓதி நான் கேட்டதில்லை. கழுத்தில் கட்டிய வெள்ளைத்துணி சிறகு மாதிரி விரிய அவர் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். தெருவில் எல்லோரும் மதில்வாசல் வழியாகப் பள்ளிவாசல் முற்றத்துக்குள் பாய்ந்து, திறந்த வெளியின் நடுவில் கோழிக்கூட்டம் போல ஒட்டிக்கொண்டு நின்றோம். உஸ்தா எங்கள் பக்கம் வரவில்லை. நேரே மூலைக்கு ஓடினார்.

"மினார்கிட்டப் போகாத! உஸ்தா! யோவ், மினார்கிட்டப் போகாதய்யா!"

நாங்கள் கத்தியது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மினாரின் அடிப்பீடத்தில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் பின்னால் விரித்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றார். இந்த முறை இரண்டு கண்ணையும். தரை இன்னொரு தரம் முனகியது. கும்மட்டத்துப் புறாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் எழுந்து சுற்றின. மதிலுக்கு வெளியே எதுவோ, ஓடோ காரையோ, சரசரவென்று கொட்டியது. பிறகு அடங்கிவிட்டது.

நகரம் முழுக்க நாய்கள் குரைத்தன. ஹோஜா ஒரு கன்னத்து நுரையோடு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். உஸ்தா கண்ணைத் திறந்தார். மதில்வாசல் வழியாக, புழுதி கிளம்பிக்கொண்டிருந்த தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். அண்ணாந்து தலைக்குமேல் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தார். கல்லிலிருந்து கையை எடுத்தபோது அங்கே ஐந்து விரலும் வெள்ளை நுரையாகப் பதிந்திருந்தன. தோளில் கிடந்த துண்டை உருவி, அதன் சுத்தமான முனையைத் தேடிப் பிடித்து, சவரம் முடிந்த முகத்தைத் துடைப்பதுபோல அந்தக் கல்லை மெதுவாக, அழுத்தாமல், துடைத்துவிட்டார்.