மெழுகிய அடுப்பு

டீக்குத் தண்ணீர் எதில் கொதித்தால் என்ன, கொதித்தால் போதாதா என்று கேட்கிறவர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. ஓலைத் தீயில் கொதித்த தண்ணீர் வேறு, தேங்காய்ச் சிரட்டைத் தீயில் கொதித்த தண்ணீர் வேறு. ஓலை படபடவென்று எரிந்து சட்டென்று அடங்கிவிடும். தண்ணீர் கொதித்துவிட்டதுபோல் காட்டி ஏமாற்றும், தேயிலையைப் போட்டால் சாறு இறங்காது. ரப்பர் விறகில் புகை அதிகம், அந்த வாடை கருப்பட்டியையும் மீறி நாக்கில் நிற்கும். மரத்தூள் அடுப்பு என்று ஒன்று உண்டு. தகர டப்பாவின் நடுவில் குப்பியை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிறைத்து, குப்பியை உருவிவிட்டுக் கீழே பற்றவைக்க வேண்டும். ஒழுங்காக எரியும்தான், ஆனால் நமக்கு அவசரம் என்றால் அதற்கு அவசரம் கிடையாது. சிரட்டைதான் நின்று எரியும். அந்தத் தண்ணீரில் போட்ட தேயிலைக்கு ஈடு கிடையாது.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. தண்ணீர் கொதிக்க வைப்பதில் என்னைப்போலத் தெரிந்தவளும் கிடையாது, அதில் என்னைப்போல நாசம் பண்ணியவளும் கிடையாது. ஒரு கிளாஸ் டீயில் பத்து செண்ட் நிலத்தைத் தொலைத்தவள் நான். தொலைத்ததைவிட மோசமான ஒன்றை அதற்குப் பிறகு செய்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் களியக்காவிளைக்குக் கிழக்கே பிறந்தவள். எல்லை தாண்டி, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு ஊரில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். என் கணவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் பேசுவது என்னவோ தமிழ்தான், ஆனால் தமிழில் ஒரு எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

நாங்கள் இருந்த ஓலைக் குடிசை மேலவீட்டுக்காரருடைய தென்னந்தோப்பில் இருந்தது. மாமியார் விதவை. மேலவீட்டில் நெல் குத்துவது, தேங்காய் உரித்த தொண்டு சுமப்பது, மாட்டுக்குப் புல் அறுப்பது எல்லாம் அவர்தான். என் கணவர் விடியும் முன்னே எழுந்து ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். அப்போது ஒரு சட்டம் வந்திருந்தது. பிறத்தியார் நிலத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்கள், குடிசையைச் சுற்றிப் பத்து செண்டைச் சொந்தமாக எழுதி வாங்கலாம் என்று. என் கணவரும் மனு கொடுத்தார். மேலவீட்டுக்காரர் திருப்பி ஒரு மனு கொடுத்தார். அது வீடே இல்லை, தொண்டு போட்டு வைக்கிற கொட்டகை, வேலைக்கு வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவார்கள், அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான் என்று எழுதியிருந்தார். எது உண்மை என்று பார்க்க ஒரு ஆபீசர் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் வருகிற நாள் காலையில் என் கணவர், மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். மாமியார் உதியன்குளங்கரைச் சந்தைக்குக் கிளம்பினார். ஆபீசருக்குக் கருப்பட்டி போட்டுக் கொடுக்க முடியாதாம், சீனியும் நல்ல தேயிலையும் வாங்க வேண்டுமாம். நான் மட்டும் தனியாக இருந்தேன். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம், வயிற்றில் மூன்று மாதம்.

எங்கள் அம்மா வீட்டில் ஒரு வழக்கம். நாலு பேர் மதிக்கிற ஆள் யாராவது வீட்டுக்கு வருகிறார் என்றால், முதலில் அடுப்பைத்தான் பார்ப்போம். தீயை அணைத்து, சாம்பலை வாரித் தென்னை மூட்டில் கொட்டி, கல்லைக் கழுவி, சாணி போட்டு மெழுகிவிட வேண்டும். அடுப்பில் சாம்பல் கிடப்பதை வந்தவர் கண்டுவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. நானும் மெழுகினேன். அதோடு விட்டேனா? சுவரில் பல வருஷத்துக் கரி அப்பிக் கிடந்தது, அதைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன். கூரை ஓலையில் தொங்கிய கரியையும் துடைப்பத்தால் தட்டிவிட்டேன். கரிபிடித்த பானைகளைத் தேய்த்துக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்தேன். எல்லாம் முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். இனி யாரும் குறை சொல்ல முடியாது என்று எனக்கு ஒரு நெஞ்சு நிமிர்வு. அறிவு கெட்டவள்.

மத்தியானம் வருவார் என்ற ஆபீசர் பத்து மணிக்கே வந்துவிட்டார். மேலவீட்டுக்காரர் கூடவே வந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தவருக்கு டீ கொடுக்க வேண்டும், அடுப்போ மெழுகின ஈரம் காயவில்லை. அதில் தீ மூட்டினால் சாணி வெடித்து வீடு முழுக்கப் புகையாகிவிடும். நான் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்வழியாக மேலவீட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

மேலவீட்டு அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்திருந்தார். அப்படி ஒன்றை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். திரியைத் தூக்கிப் பற்றவைத்ததும் நீலமாக வட்டமாக எரிந்தது, ஒரு பொட்டுப் புகை இல்லை.

“எதுக்கு பிள்ள இப்பிடி ஓடி வாற? இஞ்ச வை. இப்பம் திளைக்கும்,” என்றார் அந்த அம்மா.

பாலும் சீனியும் தேயிலையும் அவரே கொடுத்தார். இரண்டு கண்ணாடி கிளாஸும் பூப்போட்ட தட்டும் அவரே எடுத்து வைத்தார். அவர் மனதில் அப்போது என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் அந்த நீலத் தீயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்படி ஒன்று நம் வீட்டிலும் வாங்க வேண்டும் என்று அந்த நேரத்தில் ஆசைப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டோடு நான் இறங்கி வரும்போது என் கணவர் வந்துவிட்டிருந்தார். ஆபீசர் எங்கள் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சூடு உண்டா என்று அடுப்புக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“இதில் தீ எரிவது உண்டா?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“தெனமும் எரியும் சாரே. காலத்தகூட எரிஞ்சது,” என்றார் என் கணவர்.

“சாம்பல் எங்கே?”

அவர் அடுப்பைச் சுற்றிச் சாம்பலைத் தேடினார். மேலவீட்டுக்காரர் என்னைப் பார்த்து விரலை நீட்டினார். “நான் சொன்னேம்லா, எல்லாம் நம்ம அடுக்களையிலதான். அன்னா பாருங்க, சாயா எங்கேருந்து வருதுண்ணு.”

நான் அவர் வீட்டுத் தட்டில் அவர் வீட்டு கிளாஸை ஏந்திக்கொண்டு நின்றேன். திரும்பிப் போகவும் முடியவில்லை. ஆபீசர் ஒரு கிளாஸை எடுத்தார். ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். “நல்ல சாயா,” என்றார். தாளைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு மாமியார் சந்தையிலிருந்து வந்தார். கையில் தேயிலைப் பொட்டலமும் சீனிப் பொட்டலமும் இருந்தன. என் கணவர் முற்றத்தில் நின்று நடந்ததைச் சொன்னார். எனக்கு அவரைத் தெரிந்த ஏழு மாதத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

“ஆரு அடுப்ப மெழுகினது?”

என் முழங்கையில் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. மாமியார் அதைப் பார்த்தார். பொட்டலங்களை என் கையில் திணித்து, என்னை உள்ளே தள்ளிவிட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

“நானாக்கும். சந்தைக்குப் போறதுக்கு முன்ன மெழுகிப் போட்டுட்டுப் போனேன்,” என்றார்.

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? எனக்க வாழ்க்கையல்லவா கெடுத்துப் போட்ட,” என்று கத்தினார் என் கணவர்.

நான் உள்ளே தேயிலைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

மனு தள்ளுபடியாயிற்று. எங்களிடம் வேறு தாள் எதுவும் இல்லை. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அத்தனை பேரும் மேலவீட்டில் கூலிக்குப் போகிறவர்கள். மேலவீட்டுக்காரர் பெரிய மனது பண்ணி, “நீங்க எவ்வளவு காலம் வேணுமானாலும் கெடந்துக்கோங்க, ஆரும் எறக்கிவிடப் போறதில்ல,” என்றார். பக்கத்துத் தோப்புகளில் குடியிருந்தவர்களெல்லாம் வேலி கட்டி, அவரவர் பத்து செண்டில் வாழை வைத்தார்கள். நாங்கள் வைத்த வாழைக்கு மேலவீட்டிலிருந்து வந்து குலை வெட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து என் கணவர் தன் அம்மாவோடு பேசவில்லை. பக்கத்தில் நின்றாலும் “சோறு வைக்கச் சொல்லு” என்று என்னிடம்தான் சொல்வார். அடுத்த வருஷம், பம்பாய் போய், அங்கிருந்து கல்ஃபுக்குப் போனார். எப்படியாவது சம்பாதித்து அந்த நிலத்தை விலைக்கு வாங்குவது என்று ஒரே பிடிவாதம்.

மாமியார் அதற்குப் பிறகு அடுப்பை அணைத்ததே இல்லை. சமையல் முடிந்தாலும் ஒரு தேங்காய்த் தொண்டைச் சாம்பலுக்குள் புதைத்து வைப்பார், அது எந்நேரமும் கனன்றுகொண்டே கிடக்கும். சாம்பலை வார விடமாட்டார். சுவர் மறுபடியும் கறுத்தது. இனி யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் வரும், ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஏது வாய்?

கல்ஃபிலிருந்து கடிதம் மலையாளத்தில் வரும். கடைவீதியில் தையல்கடைக்காரர்தான் வாசித்துச் சொல்வார், பதிலும் அவர்தான் எழுதுவார். எல்லாக் கடிதத்திலும் என் சுகம் இருக்கும், பிள்ளையின் சுகம் இருக்கும், மாட்டின் சுகம்கூட இருக்கும். அம்மாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. வாசித்து முடித்ததும் மாமியார், “வேற ஒண்ணும் எழுதல்லியா?” என்று கேட்பார். தையல்காரர் நல்ல மனிதர், “அம்மைக்கு சுகந்தானான்னு கேட்டிருக்கு,” என்று ஒரு தடவை சேர்த்துச் சொன்னார். மாமியார் சிரித்தார். நம்பவில்லை.

ஊருக்கு வந்த ஒருவரிடம் என் கணவர் ஒரு கரண்ட் கம்பி கொடுத்தனுப்பினார். சுருள் சுருளாக இருக்கும், தண்ணீரில் முக்கி சுவிட்சைப் போட்டால் மூன்று நிமிடத்தில் கொதிக்கும். அங்கே அறையில் எட்டுப் பேரும் அதில்தான் டீ போடுகிறார்களாம். இங்கே எங்களுக்குக் கரண்ட் கிடையாது. நிலம் நம் பேரில் இல்லாமல் கனெக்‌ஷன் கேட்க முடியாது என்றார்கள், ஒப்புதல் எழுதித் தர மேலவீட்டுக்காரருக்கு மனமில்லை. கம்பி பல வருஷம் ஆணியில் தொங்கியது.

ஒருநாள் தாங்க முடியாமல் மாமியாரிடம் சொன்னேன். “மாமி, அவிய அடுத்த லீவுக்கு வரும்போது நான் உள்ளதச் சொல்லப் போறேன்.”

அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “சொன்னா அந்தப் பத்து செண்டு திரும்பக் கிட்டுமா மக்கா? அவனுக்குக் கோவமும் தேச்சியமும் காட்ட ஆராவது வேணும். அது எனக்க மேல கெடக்கட்டு. நான் இன்னும் எத்தற நாளைக்கு? நீ அவன்கூட எத்தற வருசம் கெடக்கணும்?”

நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். அவர் சொன்னதால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். கடிதத்தில் சொல்லலாமென்றால் தையல்காரர் கையால் அதை எப்படி எழுதுவது என்று இன்னொரு சாக்கு. என் கணவர் லீவில் வந்து இரண்டு மாதம் பக்கத்திலேயே இருந்தாரே, அப்போது என்ன? அப்போதும் சொல்லவில்லை.

மாமியார் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்து இறந்தார். மகனுக்குத் தந்தி கொடுத்தோம், வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார், நான் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் அவரவர் நிலத்தின் தெற்கு மூலையில்தான் எரிப்பது. தோப்பில் வைத்து எரிக்க மேலவீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அந்த மழையில் பஞ்சாயத்துச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு உள்ளே வந்து பார்த்தால் அடுப்பில் தொண்டு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதைத் தண்ணீர் ஊற்றி அணைத்தவளும் நான்தான்.

அதன் பிறகு நிலத்தை வாங்கினோம். கான்கிரீட் வீடு வந்தது, கரண்ட் வந்தது, காஸ் வந்தது. ஆணியில் தொங்கிய கம்பியில் ஒருநாள் தண்ணீர் கொதிக்க வைத்தேன். சொன்னபடியே மூன்று நிமிடம்தான். டீயில் ஒரு மண்ணும் இல்லை.

என் கணவர் கல்ஃபை விட்டு வந்து வெகுகாலமாகிறது. காலையில் டீ அவர்தான் போடுவார், அது அங்கே பழகிய பழக்கம். இப்போது கரண்ட் கெட்டில். அது டக்கென்று தானே அணையும்போது சில நாள் அவருக்குப் பழசு ஞாபகம் வந்துவிடும். இன்றைக்கும் வந்தது.

“எனக்க அம்மைக்கு மட்டும் அன்னைக்கு அந்த அடுப்ப அணைக்காம வைக்கத் தெரிஞ்சிருந்தா,” என்றார், “நான் இருபத்தி ரெண்டு வருசம் அந்த மண்ணுல கெடந்திருக்க வேண்டாம்.”

இதை நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசைமேல் திறந்துதான் கிடக்கிறது. அவர் கிளாஸை இந்தத் தாளின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்.

“எப்பிடி உண்டு?” என்று கேட்டார்.

ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

“நல்ல சாயா,” என்றேன்.