கோட்டைப்பட்டினத்து ஷெட்டுக்குச் சாவி சவூதியில்

பூட்டிக் கிடக்கும் கதவைத் தொடாமலே திறப்பதுதான் என் தொழில் என்று சொன்னதும், பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பியையே கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. கார் ஷெட்டுக்கு ஷட்டர் போட்டு, அதற்கு மோட்டார் வைத்து, மோட்டாருக்கு ஒரு சர்க்யூட் போர்டு மாட்டி, அந்த போர்டை வீட்டுக்காரர் போனில் உள்ள ஆப்போடு சேர்த்துவிடுவோம். அப்புறம் அவர் எந்த ஊரில் இருந்தாலும் ஷெட் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கிருந்தே திறக்கலாம், மூடலாம். வீட்டில் இருப்பவர்களுக்குக் கையில் ஒரு ரிமோட்டும் உண்டு.

கடை புதுக்கோட்டையில். வேலைக்கு நானும் ராசுவும் போவோம். மோட்டார் தூக்குவதும் வயர் இழுப்பதும் ஒரு வேலையே இல்லை. ஆப்பை விளக்குவதற்குள்தான் தொண்டைத் தண்ணி வற்றிவிடும். உங்கள் போனிலும் இப்படி ஒன்று இருந்து, அது சொல்வது உங்களுக்குப் புரியாமல், நீங்கள் சொல்வது அதற்கும் புரியாமல் இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

மூடு

கோட்டைப்பட்டினத்தில் ஜமால் பாய் வீடு. பாய் சவூதியில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். வீட்டில் அவர் மனைவி சபீனாவும் பாயின் அம்மாவும் மட்டும். போன லீவில் வந்தவர் ஒரு புதுக் காரை வாங்கி ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சபீனா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஓட்ட வேண்டும் என்று கொள்ளை ஆசை. பாய்க்கு அது அறவே பிடிக்கவில்லை. ஈசிஆர் ரோட்டில் லாரி வருகிற வேகத்தைச் சொல்லி, நான் வந்துதான் வண்டியை எடுப்பேன் என்று முடித்துவிட்டார். வண்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் எங்களுக்கு ஆர்டர்.

ஆப் தமிழில் இருக்க வேண்டும் என்றார். இருந்தது. வேலை முடிந்து ஷட்டர் திறந்திருக்கும்போது பாயைப் போனில் கூப்பிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டேன். "மூடுன்னு போட்டிருக்கு. மூடித்தானே இருக்கு?" என்றார். இல்லை பாய், திறந்திருக்கிறது, மூட வேண்டுமானால் அதைத் தொட வேண்டும் என்றேன். "தெறந்திருந்தா தெறன்னுல்ல போடணும்?" என்றவர் சந்தேகத்தில் அதைத் தொட்டுவிட்டார். ஷட்டர் இறங்கிவிட்டது. உள்ளே ராசு ஏணியில் நின்றுகொண்டிருந்தான். "இப்பத் தெறன்னு வருது. தெறந்துருச்சா?" என்றார் பாய். மூடியிருந்தால் திற என்று காட்டும், திறந்திருந்தால் மூடு என்று காட்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் எது எப்போது காட்டும் என்று எனக்கே குழம்பிவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து ராசுவின் குரல் பொறுமையாக வந்தது: "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, லைட்டு சுவிட்சு எங்கிட்டு இருக்குன்னு மட்டும் அந்தத் தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கண்ணு

ஷட்டர் இறங்கும்போது குறுக்கே ஆளோ ஆடோ நின்றால் அது தானாகத் திரும்பி மேலே போக வேண்டும். அதற்காக வாசலின் இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழே ஒரு சென்சார் வைப்போம். எங்கள் பேச்சில் அது கண்ணு. ஆலங்குடியில் ஒரு முந்திரி வியாபாரி வீட்டில் மாட்டிவிட்டு வந்த மறுவாரமே, அவர் போனில் ஓயாமல் "தடை உள்ளது" என்று வருவதாகப் புகார். வாசலில் ஈ காக்கா இல்லை என்று அவர் வீட்டம்மா சத்தியம் செய்கிறார். போய்ப் பார்த்தால் நிஜம்தான். ஷட்டர் முழங்கால் உயரம் வரை நல்லபிள்ளையாக இறங்கும். அப்புறம் எதையோ கண்டு மிரண்டதுபோல் மேலே ஓடிவிடும். கண்ணைத் துடைத்தோம், மாற்றினோம், வயரைப் புதிதாக இழுத்தோம். அது மேலேயேதான் ஓடியது.

கடைசியில் ராசு அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் கண்ணில்தான் அது பட்டது. ஷட்டரின் அடிவிளிம்பில், புது ஷெட் ஆயிற்றே என்று, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஷட்டர் இறங்க இறங்க அது ஆடிக்கொண்டே போய்ச் சென்சாருக்கு நடுவில் நிற்கிறது. காட்டியதும் வீட்டம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்: "கண்ணு படக் கூடாதுன்னுதானே தம்பி கட்டுனேன், அது போயி கண்ணுலயே பட்டுருச்சே."

காலை நேரத்துக் கோளாறு

அடுத்தது மறுபடியும் ஜமால் பாய். "தம்பி, தெனம் காலையில ஷெட்டு தெறந்துச்சு, மூடுச்சுன்னு வருது. கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடி தெறந்துச்சு, மூடுச்சு. வீட்ல கேட்டா யாரும் தொடலங்குறாங்க. பேய் புடிச்ச போர்டா மாட்டுனீங்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேரவும், கார் ரோட்டிலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பவும் சரியாக இருந்தது. ஓட்டுகிறவர் சபீனா. பக்கத்து சீட்டில் பாயின் அம்மா, மடியில் மீன் பை. என்னைப் பார்த்ததும் சபீனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ரிமோட்டுல அமுக்குனாலும் அங்க தெரியுமா அண்ணே?" என்றார். தெரியும் என்றேன். "கோளாறுன்னு சொல்லிருங்கண்ணே. இல்லாட்டி சாவிய வாங்கி எங்கண்ணன் வீட்டுல குடுக்கச் சொல்லிருவாக. அப்புறம் நான் வண்டியத் தொடவே முடியாது."

ஆர்டர் கொடுத்தவர் அங்கே, டீ கொடுக்கிறவர்கள் இங்கே. இதில் என் வாடிக்கையாளர் யார்? கோளாறு என்றால் என் வேலைக்குக் கெட்ட பெயர். கோளாறு இல்லை என்றால் இந்தப் பெண்ணின் ஓட்டம் அன்றோடு சரி. பாயைக் கூப்பிட்டு, "கடலோரம்ல பாய், உப்புக் காத்து..." என்று இழுத்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. "அப்படியா? அப்ப நான் இங்கேருந்தே பூட்டிப்போட்டுர்றேன்" என்று பாய் வைத்துவிட்டார். ஊருக்குப் போகிறவர்களுக்கென்று ஆப்பில் அப்படி ஒரு பூட்டு உண்டு. அதைப் போட்டுவிட்டால் வீட்டு ரிமோட் வெறும் பொம்மைதான். பாயின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பொய்யின்னா முழுசாச் சொல்லணும் தம்பி, பாதியில நிறுத்துனா இப்புடித்தான்."

யாருக்கு வலது?

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். நான் குடுமியான்மலையில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்றேன். சபீனாவின் போன். மாமியாருக்கு நெஞ்சை அடைக்கிறதாம், வேர்த்துக் கொட்டுகிறதாம். ஆட்டோக்காரர்கள் எல்லாரும் ஜும்மா தொழுகையில் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்கிறார்கள். பாய்க்கு அங்கே விடுமுறை நாள், போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறார். கார் உள்ளே நிற்கிறது, ஷட்டர் திறக்கவில்லை.

அடுப்படிப் பக்கக் கதவு வழியாக ஷெட்டுக்குள் போகச் சொன்னேன். மோட்டாரிலிருந்து ஒரு சங்கிலி வளையமாகத் தொங்கும். ஆப் என்ன பூட்டுப் போட்டாலும் அதை இழுத்தால் கையாலேயே ஏற்றிவிடலாம். "வலது பக்கத்த இழும்மா" என்றேன். "எனக்கு வலதாண்ணே, ஷட்டருக்கு வலதா?" என்றார். மாட்டினவன் நான்தான், உள்ளே நின்று பார்த்தால் எது, வெளியே நின்று பார்த்தால் எது என்று எனக்கு அந்த நேரத்தில் பிடிபடவே இல்லை. ஏணியில் நின்றபடியே கையை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டிப் பார்க்கிறேன், கீழே நின்ற வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொள்ள ஓடிவருகிறார். "இழுக்குறேன், கீழதான் அமுங்குது" என்று சபீனா அழுதார். அப்படியானால் மற்றதை இழு என்று கத்தினேன். சங்கிலி கடகடவென்று ஓடும் சத்தம் போனில் கேட்டது. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை. கொஞ்சத்தில் கார்க் கதவு சாத்தும் சத்தம், இன்ஜின் சத்தம். சபீனா, சபீனா என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பதில் சொன்னது பாயின் அம்மா, மூச்சு வாங்க: "வண்டி கெளம்பிருச்சு தம்பி, போன வைங்க, அவ ரோட்டப் பாக்கட்டும்."

எந்த மூடல்?

மணமேல்குடி ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, அறந்தாங்கிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் சபீனாவேதான் ஓட்டியிருக்கிறார். அம்மா பிழைத்து வீட்டுக்கும் வந்துவிட்டார். அதன் பிறகுதான் பாய் என்னைக் கூப்பிட்டார். உப்புக் காற்றைப் பற்றிக் கேட்பார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். "சங்கிலிய நீங்கதான் சொன்னீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அறந்தாங்கி வரைக்கும் அவளே ஓட்டிருக்கா" என்றார். திட்டுகிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "பூட்ட எடுத்துட்டேன் தம்பி. இனிமே அவ எடுக்கட்டும்" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கூடவே ஒரு வேலையும் வைத்தார். ஷெட் திறந்தது என்று வரும்போதெல்லாம் அந்த ரோட்டில் வருகிற லாரிதான் கண்ணில் நிற்கிறதாம். அது வர வேண்டாம்; அவள் திரும்பி வந்து மூடும்போது மட்டும் தெரிந்தால் போதும் என்றார். யோசித்துப் பார்த்தேன். போகும்போதும் வண்டியை வெளியே எடுத்துவிட்டு மூடுகிறார், வந்தும் மூடுகிறார். போனவர் மூடியதா, வந்தவர் மூடியதா என்று போர்டுக்கு எப்படித் தெரியும்? ராசுவைக் கேட்டேன், தலையைச் சொறிந்தான். போர்டு விற்ற ஆளைக் கேட்டேன். அவர் இங்கிலீஷில் சொன்ன பதிலில், எனக்குக் கேள்வியே மறந்துபோனது. முடியாது என்று பாயிடம் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப போனுக்கு வர்ற எல்லாச் சத்தத்தையும் நிறுத்திருங்க தம்பி, வீடு வந்து சேந்ததும் அவளையே எனக்கு ஒரு போன் போடச் சொல்லிர்றேன்."

ஆக, மோட்டார், போர்டு, ஆப் எல்லாம் மாட்டிக் கொடுத்த வீட்டில் கதவு மூடிய செய்தி இப்போது சபீனாவின் வாய்வழியாகத்தான் சவூதிக்குப் போகிறது, ராசு அதையும் எங்கள் வேலையின் சிறப்பு என்றே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.