பாலத்தில் விரிசல், கோட்டில் பட்டன் இல்லை

அப்புறம் டெய்லர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேரை அவர் பெண்டாட்டியே பாதி மறந்துவிட்டாள். மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி அவர். மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பூச்சாண்டி காட்டித்தான் சோறு ஊட்டினார்கள். தொழில் கற்றுக்கொண்டது நடு அக்காவின் புருஷனிடம். பயத்தை யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டி இருக்கவில்லை.

ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் அளவைப் பேப்பரில் வெட்டி ஆணியில் மாட்டி வைப்பார். புதுப் பேப்பர் என்றால் மை துணியில் அப்பிக்கொள்ளும். அதனால் எடைக்கு வாங்கிய பழைய பேப்பர்தான். வெட்டும்போது கொட்டை எழுத்து கண்ணில் படாமல் இருக்குமா? வினை அங்கேதான். சிறுத்தை கூண்டிலிருந்து தப்பியது என்று ஒரு பேப்பர் சொல்லும். பிடிபட்டதா இல்லையா என்று சொல்கிற மறுநாள் பேப்பர் அந்தக் கட்டில் இருக்காது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று துணி கொடுக்க வந்தவர்களையெல்லாம் பிடித்துக்கொள்வார். என்றைக்கோ ஓடின சிறுத்தையைப் பற்றி யாருக்குத் தெரியும்? பேர்தான் நிலைத்தது.

பிடிபட்டது என்று படிக்காதவரைக்கும் அவருக்கு அது பிடிபடாத சிறுத்தை. பொழுது சாய்ந்தால் பின்பக்கச் சந்தில் கால் வைக்கமாட்டார்.

"அதுக்கு இந்நேரம் பல்லெல்லாம் கொட்டியிருக்குங்க" என்பாள் மனைவி.

"பேரன் பேத்தி எடுத்திருக்குமே!"

வால் நட்சத்திரம் பூமியை நெருங்குகிறது என்ற பேப்பரில் ஒரு வாத்தியாருக்குக் கால்சட்டை வெட்டினார். அதை ஒரே நாளில் தைத்துக் கொடுத்துவிட்டார். வந்து விழுவதற்குள் மனுஷன் ஒரு தடவையாவது போட்டுக்கொள்ளட்டுமே என்றுதான்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த நாளில் ஒரே மகளுக்கு வேலை கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, ரத்தம் பரிசோதிக்கிற வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெள்ளைக் கோட்டோடு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

கோட்டுக்கு அளவு வெட்டக் கட்டிலிருந்து ஒரு பேப்பரை உருவினார். மகள் தவழ்ந்துகொண்டிருந்த வருஷத்துப் பேப்பர். "ஆற்றுப் பாலத்தில் விரல் அகல விரிசல்."

கத்தரி நின்றுவிட்டது. தையல் ஒரு இடத்தில் விட்டால் அங்கேயே நிற்குமா? வருஷத்துக்கு ஒரு விரல் என்று வைத்தாலும் இருபது விரல் ஆகியிருக்கும். டேப்பை மேஜைமேல் நீட்டிப் பார்த்தார். பஸ் சக்கரம் தாராளமாக இறங்கும். பஸ்ஸுக்குள் மகள். மடியில் கோட்டு.

வெட்டினார், தைத்தார், காஜாகூட எடுத்தார். பட்டன் மட்டும் வைக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஞாயிறு வரை இழுத்தார். ஐந்து பட்டனும் மெஷின் டிராயரில் கிடந்தன.

திங்கள் காலை மகள் கோட்டை விரித்தாள். "என்னப்பா இது?"

"பட்டன் சரியா அமையலம்மா. அடுத்த வாரம் பாத்துக்கலாமே."

டிராயரை இழுத்தது அவர் மனைவி. "இது என்னங்க, பல்லா?"

வேறு வழியில்லாமல் பேப்பரைக் காட்டினார். வாசலில் நின்ற மச்சினன் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவன் பஸ் டிரைவர். அக்கா மகளை முதல் நாள் தன் பஸ்ஸிலேயே கூட்டிப்போக வந்திருந்தான்.

"அத்தான், நான் தெனம் ஆறு தடவை அந்தப் பாலத்துல போறேன். எனக்காக ஒரு நாளாவது கவலைப்பட்டிருக்கீங்களா?"

"உன் சட்டைய தங்கம் விலை இறங்குதுங்கிற பேப்பர்ல வெட்டினேன். உனக்கு என்ன கேடு?"

"விரிசலை அப்பவே அடைச்சிட்டாங்க அத்தான்!"

"எந்தப் பேப்பர்ல போட்டான்? காட்டு."

மகள் சிரிக்கவில்லை. மணி எட்டேகால். பட்டன் இல்லாத கோட்டை மடித்துப் பையில் வைத்தாள். "நான் இப்படியே போட்டுக்கறேன். யாராவது கேட்டா எங்கப்பா டெய்லர்னு சொல்லிக்கறேன்" என்று படியிறங்கிவிட்டாள்.

அந்த வார்த்தை ஊசியாக இறங்கியது. பாலம் ஒரு பக்கம் இழுத்தது, பட்டன் இல்லாத கோட்டு ஒரு பக்கம் இழுத்தது. செருப்பை மாட்டக்கூடத் தோன்றாமல் பட்டனையும் ஊசி நூலையும் அள்ளிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்.

"குடும்மா."

கோட்டை மடியில் பரப்பிக் குனிந்தவர் குனிந்தவர்தான். முதல் பட்டனிலேயே விரலில் குத்திக்கொண்டார். வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டுவிடுமோ என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். பஸ் குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இதுதான் அது என்று பல்லைக் கடித்தார். நூலைச் சுற்றினார், முடிச்சுப் போட்டார், அடுத்ததை எடுத்தார். ஐந்தாவது பட்டனில் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது பஸ் நின்றிருந்தது.

"பாலம் வந்துடுச்சா?"

"அது மூணாவது பட்டன்லயே போயிடுச்சுப்பா. இது ஆஸ்பத்திரி."

கோட்டைப் போட்டு ஐந்து பட்டனையும் மாட்டினாள். அவர் காலரை ஒரு தரம் நீவிவிட்டார். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவுக்குள் போனவள், திரும்பிக் கையாட்டிவிட்டு மறைந்தாள்.

மச்சினன் ஹாரன் அடித்தான். "ஏறுங்க அத்தான், வண்டிய திருப்பணும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, திரும்பிப் போவதும் அதே பாலம்தான். கையைப் பார்த்தார். ஊசி இருந்தது, நூலும் இருந்தது. தைக்கத்தான் ஒன்றும் இல்லை.

தன் சட்டையின் மேல் பட்டனைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.