சேவல் தூங்கிய காலை

விடுதியில் அவளுக்கு வைத்த பெயர் சேவல். தேர்வுக் காலத்தில் மாடி முழுவதையும் கதவு தட்டி எழுப்புகிறவள் அவள்தான். எழுந்திருக்காத ஜென்மங்களின் முகத்தில் தண்ணீரும் தெளிப்பாள். அவள் அலாரம் வைத்துக்கொண்டதே இல்லை. தூங்குகிறவளுக்குத்தானே அலாரம்?

அவள் தூங்காததற்குக் காரணம் ஒரு அரியர். புள்ளியியல் தாளில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இந்த முறையும் போனால் படிப்பை மூட்டை கட்டவேண்டியதுதான். இதை அறைத்தோழியிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. பாழாய்ப்போன வெட்கம். படுத்தால் கொட்டக் கொட்ட விழிப்பு. டீயும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. விடுதிக்கு வரும் டாக்டர், "முதல்ல நல்லா தூங்கும்மா" என்றார். பட்டினி கிடப்பவனிடம் முதலில் சாப்பிடு என்பதைப் போல.

அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள். மகளுக்குப் போன் போட்டால் அவளுக்கு ஹலோ கிடையாது, "தூங்கினியா கண்ணு?" என்பதுதான் முதல் பேச்சு.

அன்று வகுப்புக்கெல்லாம் மதியம் தேர்வு. அரியர்காரர்களுக்கு மட்டும் காலையிலேயே. சேவல் வழக்கம்போல் எல்லோரையும் எழுப்பினாள். குளித்தாள், தலை வாரினாள், செருப்பை மாட்டக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் சாயலாம் என்று தலையணையில் சாய்ந்தவள் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள்.

அவள் போன் அடித்தது; அம்மாதான். அறைத்தோழி பதறி எடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தூங்குறாம்மா. எழுப்பட்டுமா?"

"ஐயோ வேணாம்மா. பரீட்சை மதியம்தானே? எத்தனை நாள் தூக்கமோ, தூங்கட்டும். கொஞ்சம் ஜன்னலைச் சாத்திடும்மா."

தோழி ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். காலில் பாதி மாட்டியிருந்த செருப்பைப் பூப்போல் கழற்றிக் கீழே வைத்தாள். அன்று அந்த மாடியில் எல்லோரும் அடிமேல் அடிவைத்து நடந்தார்கள். சேவலின் மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம்.

கண் விழித்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, முகமே தெளிஞ்சுடுச்சு. எழுப்பவேணாம்னு உங்கம்மாதான் சொன்னாங்க" என்றாள் தோழி.

தோழி கழற்றிவைத்த செருப்பையே சேவல் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழி சாப்பிடப் போனதும் போன் மறுபடி அடித்தது.

"தூங்கினியா கண்ணு?"

"தூங்கினேம்மா."

"அப்பாடா" என்றாள் அம்மா. "இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு."