சட்டி வைக்காத வருஷப்பிறப்பு

அமிர்தகழியில் சீதேவியைப் போல இரண்டு மனக்காரியைக் காண முடியாது. கத்தரிக்காய் வாங்கப் போனால் வாங்காமல் திரும்பி, பாதி வழியில் மறுபடி சந்தைக்கே நடப்பாள். கலியாணத்தை அவள் முடிவுக்கு விட்டிருந்தால் இன்னும் கன்னியாகத்தான் இருந்திருப்பாள். நல்ல வேளை, புருஷன் தங்கராசா எதையும் யோசிக்காமல் முடிவு செய்கிற ஆள். அவன் சொல்வான், அவள் செய்வாள். பதினோரு வருஷம் குடும்பம் அப்படித்தான் ஓடியது.

அந்தத் தங்கராசா அவளையும் பிள்ளையையும் ஊரில் விட்டுத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போய் மூன்று மாதம். நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரைக்கு ஐந்து நாள் இருக்க, ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டான். அவனிடமிருந்து கடிதமும் இல்லை, ஆளும் இல்லை.

மற்ற நாளில் தாளிக்கவே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிற ஊர் அது. வருஷப்பிறப்புக்கு மட்டும் சட்டி நிறைய ஊற்றி அரியதரமும் முறுக்கும் சுடுவார்கள். இழவு விழுந்த வீட்டில் மாத்திரம் அந்த வருஷம் எண்ணெய்ச்சட்டி வைக்கக் கூடாது. அயலவர்தான் தட்டில் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

சீதேவிக்கு மண்டை குழம்பியது. மா இடித்தாயிற்று, எண்ணெயும் இரண்டு போத்தல் இருக்கிறது. சுட்ட பிறகு அவன் செத்த சேதி வந்தால், புருஷன் பிணமாகக் கிடக்க முறுக்குச் சுட்டவள் என்று ஊர் காறித் துப்பும். சுடாமல் விட்டால், உயிரோடு இருப்பவனைத் தானே சாகடித்தது போலாகாதா?

பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளையைக் கேட்டாள்.

"பொறுத்திரிகா. சேதி வரட்டும், மறுகா பாப்பம்" என்றாள் அவள்.

தங்கராசாவின் தங்கச்சி சின்னத்தங்கத்தைக் கேட்டாள்.

"சட்டிய வைங்க மச்சாள். வைக்காட்டி அண்ணனுக்குக் கூடாது" என்றாள் இவள்.

மூன்று தரம் சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினாள். மூன்று தரமும் திரும்பப் போத்தலில் வார்த்தாள். எண்ணெய்க்கே அலுத்திருக்கும். இதற்குள் வருஷம் பிறந்துவிட்டது.

சீதேவி வீட்டிலிருந்து பலகார வாசம் வராததை அயல் முழுக்கக் கவனித்திருந்தது. சேதி வந்துவிட்டது, பாவி வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறாள் என்று அவரவர் மனதுக்குள் தீர்த்துக்கொண்டார்கள். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் இழவைக் கேட்டு அறிகிற வாய் யாருக்கு வரும்?

காலையில் ஆச்சிப்பிள்ளை கண் சிவக்க, துணி மூடிய தட்டோடு வாசலில் வந்து நின்றாள். சீதேவி தட்டைக் கண்டாள். இவளுக்குச் சேதி வந்துவிட்டது, எனக்குத்தான் மறைக்கிறாள் என்று நினைத்தாள். இருவரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, சந்தேகப்பட்டு நின்றவர்களும் தட்டோடு வந்தார்கள். மத்தியானத்துக்குள் ஆறு தட்டுச் சேர்ந்தது. தங்கராசாவின் தாயும் சின்னத்தங்கமும் புரண்டு அழுதார்கள். சேதி கொண்டுவந்தவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், தாடியும் புழுதியுமாகத் தங்கராசா படலையைத் திறந்துகொண்டு வந்தான். காட்டு வழியே நடந்து, ஏறாவூரில் ஒரு மாட்டுவண்டியில் தொற்றி வந்திருந்தான். நேரே குசினிக்குள் போனான். அடுப்படியில் எண்ணெய்ப் போத்தல் இரண்டும் நிரம்பியபடி இருந்தன. ஓரத்தில் அயல்வீட்டுத் தட்டுகள் ஆறு. அவன் முகம் வெளிறியது.

"ஆருகா செத்த?"

குசினி வாசலில் நின்ற சீதேவி பேயைக் கண்டவள் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"புள்ளையா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப அம்மாவா?" என்றவன் பதிலுக்கு நிற்கவில்லை. "என்ர அம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான்.

சீதேவி ஓடிப்போய் அவன் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தன.

"அம்மா இல்ல" என்றாள். "நீங்கதான்."